வடகரை வரலாறு – 14: இரும்புக் கால்களும் கல் சுவரும்

சென்ற இதழை இராயபுரம் ரயில் நிலையத்தோடு நிறுத்தியிருந்தோம். 1856 ஜூலை முதல் தேதி அங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அதில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த எஞ்சின்களும் தண்டவாளங்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அந்தக் காலத்தில் கப்பல் சென்னைக்கு வந்துவிட்டது என்பதால் சரக்கு கரைக்கு வந்துவிட்டது என்று ஆகிவிடாது. கப்பல் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவே அலை. 1861 வரைக்கும் அந்த அலையைத் தாண்டி மனிதரும் மூட்டையும் இரும்பும் கரையேற மசூலா படகை விட்டால் வேறு கதியில்லை.

1639இல் பிரான்சிஸ் டே இந்த வெட்ட வெளிக் கடற்கரையைப் பார்த்து இங்கே கோட்டை கட்டலாம் என்று முடிவெடுத்தார். மலிவான துணி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. துணியை ஏற்ற ஒரு துறை வேண்டாமா என்ற கேள்வி அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. விளைவு, ஒரு மாநிலத்தின் தலைநகராக வளர்ந்த ஊர், ஏழு தலைமுறைக்குத் துறைமுகமே இல்லாமல் வியாபாரம் செய்தது. கவர்னராக வந்தாலும் கணக்கப்பிள்ளையாக வந்தாலும் கால் நனையாமல் சென்னையில் இறங்க முடியாது.

மசூலா படகில் ஓர் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையல் ஓடும் இடத்தில் நார் வைத்து அடைத்திருக்கும். அலை தூக்கி மணலில் அறைந்தால், ஆணி அடித்த படகு விரிசல் விட்டுப் போகும். இது வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். உள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அதை இறைத்துக் கொட்டவே ஓர் ஆள். பின்னால் நீளத் துடுப்போடு தண்டல் நிற்பார். கரையை நெருங்கும்போது அவர் முன்னால் பார்க்க மாட்டார், பின்னால் எழும் அலையைத்தான் பார்ப்பார். ஒரு பெரிய அலை போகட்டும் என்று விட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு படகைச் செலுத்த வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் கவிழ்ந்தது. கரை தட்டியதும் ஆட்கள் குதித்து, வெள்ளைக்காரத் துரையையும் துரைசானியையும் தோளிலோ நாற்காலியிலோ தூக்கிக்கொண்டு மணலில் இறக்குவார்கள். கடிதங்கள் மட்டும் கட்டுமரத்தில் போகும். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் காகிதத்தைச் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்கிறவர்களைப் பற்றி எழுதாத வெளிநாட்டுப் பயணி அபூர்வம்.

இந்தப் படகோட்டிகள்தான் இராயபுரம். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1820களில் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட படகுக்காரச் சமூகத்தினர். படகுக் கூலியில் எழுந்த கோயில். ஆனால் அந்தக் கூலியைப் பற்றி வியாபாரிகள் சொன்னதெல்லாம் புலம்பல்தான்: அநியாயக் கூலி கேட்கிறார்கள், மூட்டையை நனைக்கிறார்கள், கடல் கொந்தளிக்கும் நாளில் வரவே மறுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கிறவன் கொந்தளிப்பு நாளில் கூடுதல் கேட்டால் அது எப்படி அநியாயம் ஆகும் என்று அவர்களில் யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1836இல் தொடங்கிய சென்னை வர்த்தகச் சங்கம் விடாமல் நச்சரித்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் ஒரு பாலம் வேண்டும் என்றது.

அந்தப் பாலம் 1861இல் வந்தது.

இன்றைய ராஜாஜி சாலைக்குக் கிழக்கே, கரையிலிருந்து கடலை நோக்கி ஆயிரம் அடிக்கு மேல் நீண்டு, நுனியில் குறுக்குத் தளத்தோடு நின்ற இரும்புப் பாலம் அது. தூண்களை எப்படி நட்டார்கள் என்பதுதான் இதில் சுவாரசியம். மணலில் மரத்தூணை அடித்து இறக்கினால் அலை அரித்து அரித்து அதைப் பிடுங்கிப் போட்டுவிடும். அதற்கு மாற்றுக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் மிட்செல். பெல்ஃபாஸ்டில் செங்கல் தொழில் நடத்தியவர். இருபது வயதைத் தாண்டியதுமே பார்வையை இழந்துவிட்டவர். இரும்புத் தூணின் அடியில் அகன்ற திருகு இலை ஒன்றைப் பொருத்தி, தூணைத் திருகித் திருகி மணலுக்குள் இறக்கும் முறைக்கு 1833இல் காப்புரிமை வாங்கினார். தூணின் தலையில் நீண்ட கழிகளைக் குறுக்கே செருகி, ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடப்பார்கள். செக்கு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் தூண் கொஞ்சம் கீழே போகும். அடியிலுள்ள இலை மணலைக் கவ்விக்கொள்ளும். 1838இல் தேம்ஸ் முகத்துவாரத்து மேப்ளின் மணல்திட்டில் ஒரு கலங்கரை விளக்கத்துக்காக இப்படித் தூண் இறக்கிக் காட்டினார்கள். பார்வையற்ற மிட்செல் வேலை நடக்கும் இடத்துக்கே போய், தூணையும் இணைப்புகளையும் கையால் தடவிப் பார்த்துச் சோதிப்பாராம்.

இதே திருகுத் தூண், இங்கிலாந்தில் வேறொரு உலகத்தைக் கட்டியது. 1850களின் நடுவில் மார்கேட் என்ற கடலோர ஊரில் யூஜினியஸ் பிர்ச் இந்த முறையில் ஓர் இரும்புப் பாலம் போட்டார். 1866இல் பிரைட்டனில் மேற்குப் பாலத்தைத் திறந்தார்கள். அவருடைய பாலங்களில் பாண்டு வாத்தியம், தின்பண்டக் கடை, குடையோடு நடக்கும் சீமாட்டிகள், கட்டணச் சீட்டு. லண்டனில் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ரயிலேறி வந்து கடலின் மேல் நடந்துவிட்டு இரவு வீடு திரும்புவான். ஒரு நாள் கடற்கரை விடுமுறை என்கிற பழக்கமே ரயிலும் இந்த இரும்புப் பாலங்களும் சேர்ந்து உண்டாக்கியதுதான்.

சென்னையில் ரயிலும் இருந்தது, பாலமும் இருந்தது. உல்லாசத்துக்கு மட்டும் இடமில்லை. இங்கே போட்டது சரக்குப் பாலம். கப்பல் அதை ஒட்டி வந்து நிற்கவில்லை. வழக்கம்போல் தள்ளி நங்கூரம் போட்டது. படகுகள் கப்பலுக்கும் பாலத்தின் நுனிக்கும் நடுவே ஓடின. அலை உடையும் வரிசைகளைத் தாண்டிய இடத்தில் மூட்டை மேலே ஏறியது என்பதுதான் லாபம். கடல் சற்று எகிறினாலும் படகு தூணில் மோதும், வேலை நிற்கும். 1868இல் ஒரு புயல், 1872 மே மாதத்தில் இன்னொரு புயல். இரண்டும் பாலத்தைச் செயலிழக்க வைத்தன. செப்பனிட்டார்கள். ஆனால் வியாபாரிகளின் நச்சரிப்பு அடுத்த படிக்குப் போய்விட்டது. பாலம் போதாது, சுவர் வேண்டும்.

இந்தப் பாலத்தின் ஒரு குணத்தைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அதைச் சுற்றித்தான். அதற்கு இருந்தவை கால்கள் மட்டும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே கடல் தன்பாட்டுக்குப் போய்வந்தது. கடலோடு சேர்ந்து மணலும் போய்வந்தது.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் வெள்ளத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தெண்டி ஓடும் மாதங்கள் அதிகம், வன்னி ஓடும் மாதங்கள் குறைவு. ஆகவே வரவு செலவு போக, ஆண்டுதோறும் பெருவாரியான மணல் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அடையாறும் கூவமும் தெற்கே உள்ள கடற்கரைகளும் கொடுப்பதை இராயபுரம் வாங்கி, டோல்கேட் வாங்கி, திருவொற்றியூர் வாங்கி எண்ணூருக்குக் கொடுத்தனுப்பும். இரும்புப் பாலம் இந்தக் கொடுக்கல் வாங்கலில் தலையிடவில்லை.

சுவர் தலையிட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், சென்னைக்கு வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். திட்டம் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளருடையது. கராச்சியில் மனோரா அலைத்தடுப்பைக் கட்டிய கை. பழைய இரும்புப் பாலத்தை நடுவில் வைத்து, அதற்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று ஒன்றுக்கொன்று சுமார் மூவாயிரம் அடி இடைவெளியில் இரண்டு பெரும் கரங்களைக் கடலுக்குள் நீட்டி, நுனியில் உள்பக்கம் மடக்கி, கிழக்கே பார்த்து ஒரு வாசல் விடுவது. காங்கிரீட் பாளங்களை அடுக்கி எழுப்பினார்கள். வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. 1881 நவம்பரில் புயல் வந்து கரங்களின் வெளிப்பகுதியை உருட்டித் தள்ளியது. புதிய கவர்னர் கிராண்ட் டஃப் பதவியேற்றுச் சில நாள்தான் ஆகியிருந்தது. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் மிச்சம் போதுமானதாக இருந்தது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். குழுக்கள், அறிக்கைகள், மறு அறிக்கைகள் என்று அது நீண்டு, அலுப்பூட்டும் கதை.

மணல் சேரும் என்று தெரியாமல் கட்டியதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. தெரியும். எவ்வளவு சேரும், எவ்வளவு காலத்தில் என்பதில்தான் தகராறு. தெற்குக் கரத்தின் முதுகில் வந்த மணல் நின்றது. வடக்கே போக வழியில்லை, குவிந்தது. ஒரு காலத்தில் கோட்டையின் கடல்வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அலை கிழக்கே பின்வாங்கியது. அதே கிராண்ட் டஃப் 1884இல் அந்தக் கரையோரத்தில் நடைபாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார். இன்று சராசரி 300 மீட்டர் அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும் மெரினா மணலில் பெரும்பகுதி துறைமுகம் பிடித்து வைத்தது. சுண்டல் தின்றுகொண்டு நாம் உட்காரும் அந்த மணலில் ஒரு பங்கு, நியாயமாக, டோல்கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது.

இந்தக் கணக்கைத் தெளிவாகப் பார்த்தவர் சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங். 1904இல் துறைமுகக் கழகத்தின் தலைமைக்கு வந்து 1919 வரை இருந்தவர். அவர் வரும்போதே கிழக்கு வாசலில் மணல் மேடு தட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கு மூலையில் புது வாசல் திறக்கவைத்தார். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மணல் நகர்வைப் பற்றி லண்டன் சிவில் பொறியாளர் நிறுவனத்துக்கு ஒரு கட்டுரையும் எழுதினார். ஸ்ப்ரிங்கை நாம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. அவருடைய அலுவலகத்தில் 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் ராமானுஜன். சரக்குக் கட்டும் காகிதத்தில் கணக்குப் போட்ட அந்தக் குமாஸ்தாவுக்காகக் கடிதம் எழுதியவர்களில் ஸ்ப்ரிங்கும் ஒருவர். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் நெவாசா என்ற கப்பலில் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பினார். தண்டலின் துடுப்பை நம்பி அலை தாண்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சுவர் கட்டியதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை எல்லோருக்கும் பாடம். அதை விட்டுவிடலாம்.

வடக்கே வருவோம். தெற்கே குவிந்த மணல் வடக்கே குறைந்தது. வன்னியும் தெண்டியும் நிற்கவில்லை. வருகிற மணல் மட்டும் நின்றுபோனது. வெறுங்கையோடு வந்த வெள்ளம் இராயபுரம் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. துறைமுகம் பெருத்தது: 1964இல் ஜவஹர் துறை, 1970களில் எண்ணெய்க்கும் தாதுவுக்கும் பாரதி துறை. வெளிச்சுவர் நீண்டது. ஒவ்வொரு நீட்சிக்கும் வடக்கே ஒரு தெரு குறைந்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் குப்பத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கரையைக் காக்க லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. அங்கேயும் கொட்டினார்கள். இராயபுரத்தில் தொடங்கிய கல் இப்படித்தான் மெல்ல மெல்ல வடக்கே நடந்தது.

இந்த வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்ப்பதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் போகிற சென்னைவாசிகளில் பாதிப் பேர் டோல்கேட்டைத் தாண்டியதே இல்லை. இப்போது சாக்கும் இல்லை. 2021 பிப்ரவரி 14 முதல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது, டோல்கேட்டில் நிலையம் இருக்கிறது. விடியலில் காசிமேட்டில் தொடங்குவது நல்லது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போனால் படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஏலம் மந்தமாக இருக்கும். மற்ற மாதங்களில் ஞாயிறு காலை உள்ளே நுழையவே தோள் வலிமை வேண்டும். வஞ்சிரத்துக்கு விலை கேட்டுவிட்டுச் சங்கராவை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் கூட்டத்தில் பாதி. அந்த மீன்பிடித் துறைமுகமும் 1970, 80களில் அதே துறைமுகச் சுவரின் நிழலில் எழுந்ததுதான்.

அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே. ‘விரைவு’ என்பது அரசாங்க ஏட்டில். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்கள் வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் கருங்கல் சுவர், அதற்கப்பால் கடல். டோல்கேட் பக்கம் வந்ததும் சுவரில் ஓர் இடைவெளி. அங்கிருந்து கடலுக்குள் ஒரு தூண்டில் வளைவு போகிறது. பாறைகளைக் கொட்டி நீட்டிய நடை, நுனிவரைக்கும் நடக்கலாம்.

ஞாயிறு மாலை அதன்மேல் ஊரே இருக்கிறது. டி.எச். ரோட்டுத் தெருக்களிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்கள், தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் பையன்கள், கைப்பேசியைக் கடலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்திருக்கும் காதலர்கள். பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதால் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இடுக்குகளில் நண்டு, தண்ணீர்ப் பாக்கெட், மாலை போட்டுக் கரைத்த பிள்ளையாரின் ஒரு கை. பாண்டு வாத்தியம் இல்லை, சீட்டும் இல்லை. இங்கிலாந்தில் காசு கொடுத்துப் போன அந்தக் கடல்மேல் நடையை, அரிப்பைத் தடுக்கப் போட்ட கல்லின்மேல் டோல்கேட்காரர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நுனியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டியவர். நான் கரை எங்கே இருந்தது என்று கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் கடல் பக்கம் நீட்டினார்.

“அதோ அந்த போயா மெதக்குது பாரு சார், அங்க எங்க தாத்தா கட்டுமரம் காய வெச்சாரு. வூட்டாண்ட பீடி பத்த வெச்சிக்கினு நடந்தா, தண்ணிய தொடறதுக்குள்ள பீடி முடிஞ்சிடும். இப்ப வூட்டாண்ட பத்த வெச்சா வூட்டாண்டயே அணைஞ்சிடும், அலை வந்து.”

“இந்தக் கல்லு போட்டதுக்கப்புறம் மணல் வந்திருக்கா அண்ணே?”

“வந்துச்சி. தெக்கால பக்கம் வந்துச்சி. வடக்கால பக்கம் போயி பாரு.”

பார்த்தேன். தூண்டில் வளைவின் தெற்குப் பக்கத்தில் ஒரு சிறு மணல் முக்கோணம், அதில் நாலைந்து ஃபைபர் படகுகள், கிரிக்கெட் ஆட்டம். வடக்குப் பக்கத்தில் அலை நேரே கல் சுவரில் மோதிச் சாலைக்குத் துளி தெறித்துக்கொண்டிருந்தது. 140 வருடத்துக்கு முன் துறைமுகத்தின் தெற்குக் கரம் பெரிய அளவில் செய்ததை இந்தச் சின்னக் கரம் தன் அளவில் செய்கிறது. ஒன்றோடு நிறுத்தாமல் வரிசையாக, கணக்குப் போட்ட இடைவெளியில் போட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் மணல் தங்கும் என்பது தத்துவம். 2004ஐ ஒட்டி இராயபுரத்துக்கு வடக்கே சென்னை ஐ.ஐ.டி. வடிவமைப்பில் அப்படி ஒரு வரிசை வந்தது. பல இடங்களில் மணல் திரும்பியிருக்கிறது. அந்த வரையில் அது வெற்றி. வரிசை முடிகிற இடத்துக்கு வடக்கே இருப்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பாண்டிச்சேரிக்குப் போனவர்களுக்கு இந்தக் கதையின் மறுபிரதி தெரிந்திருக்கும். அங்கே 1860களில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய இரும்புக்கால் பாலம் 1952 புயலில் போயிற்று. காந்தி சிலைக்கு எதிரே இன்றும் அதன் தூண் எச்சங்கள் தண்ணீருக்கு மேல் தெரியும். பிறகு சற்றுத் தெற்கே 1962இல் கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இரண்டு பாலம் நின்ற காலத்திலும் பாண்டிக்குக் கடற்கரை இருந்தது. 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள்; சில ஆண்டுகளில் ஊர்முன் மணல் போய்க் கருங்கல் வந்தது. கோட்டக்குப்பத்துக் கரைவரைக்கும் வீடுகள் விழுந்தன. ஆலப்புழையில் 1862இல் போட்ட கடற்பாலத்தின் துருப்பிடித்த கால்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே பிள்ளைகள் விளையாட அகலமான மணலும் இருக்கிறது. காலுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று ஊரும் போதும். மார்கேட் பாலத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. 1978 ஜனவரியில் ஒரு புயல் அதை முறித்துப் போட்டது. பிரைட்டன் மேற்குப் பாலம் 1975இல் மூடப்பட்டு, 2002இலிருந்து தவணை முறையில் விழுந்தது.

சென்னையின் பாலத்துக்கு அப்படி ஒரு காட்சிகூட வாய்க்கவில்லை. அதைச் சுற்றியே துறைமுகம் எழுந்தது. கரங்களுக்கு நடுவே கொஞ்ச காலம் வேலை செய்து, பிறகு தேவையற்றுப் போய், சுவடில்லாமல் மறைந்தது. துறைமுக வாசலில் அடையாள அட்டையோடு நுழைகிறவர்களில் எத்தனை பேருக்கு, ஊர்க்காரர்கள் முதன்முதலில் கால் நனையாமல் கடலைத் தாண்டிய இடம் அது என்று தெரியும்? ஒரு கல்வெட்டு வைக்கலாம். துறைமுகத்துக்கு அதொன்றும் பெரிய செலவில்லை.

கடலுக்குள் நீளும் பழைய கட்டுமானம் ஒன்றின் அருகே நின்றே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், டோல்கேட்டிலிருந்து இன்னும் வடக்கே போக வேண்டும். காலடிப்பேட்டை தாண்டி, திருவொற்றியூர்த் தேரடி தாண்டி, பட்டினத்தார் சமாதி தாண்டி, எர்ணாவூர் தாண்டி எண்ணூர். அங்கே நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் சென்று பாதியில் அறுந்து நிற்கும் பாலம் இருக்கிறது. விடியற்காலையில் கேமராவும் முக்காலியுமாக ஒரு கூட்டம் அதற்கு எதிரே காத்திருக்கும். சூரியன் இரண்டு தூண்களுக்கு நடுவே வரும் நிமிடத்துக்காக. அவர்கள் படத்தில் தெரியாதபடி பார்த்துக்கொள்ளும் பொருள்கள் பல: முதுகுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கழிமுகத்தில் சாம்பல் படிந்த தண்ணீர். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், எர்ணாவூர்ப் பாறைகளில் தார்போல அப்பியது. அதை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். துறைமுகம் கட்டத் தெரிந்த அரசாங்கத்திடம் எண்ணெய் அள்ள வாளிதான் இருந்தது.

அந்தக் காமராஜர் துறைமுகம் 2001இல் திறந்தது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே மறுபடி இரண்டு பெரும் கரங்கள். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. இப்போது திருவொற்றியூர்க் குப்பத்திலேயே சூரை மீன்பிடித் துறைமுகம் எழுந்திருக்கிறது. ஆழ்கடலில் சூரை பிடிக்கும் பெரிய படகுகள் காசிமேட்டு நெரிசலில் சிக்காமல் இங்கே கட்டலாம். மீனவர்களே வெகுகாலமாகக் கேட்டது இது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்கும் இரண்டு கல் கரங்கள் உண்டு. தெண்டி ஓடும் மாதங்களில் அதன் தெற்குக் கரத்தின் முதுகில் மணல் எவ்வளவு ஏறுகிறது, வடக்கே எர்ணாவூர்ப் பக்கம் கரை எவ்வளவு உள்வாங்குகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து, அளவை ஊர் அறிய எழுதிப் போட வேண்டும். மணலை ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் கொட்டும் முறை உலகில் பல துறைமுகங்களில் நடக்கிறது. பாண்டியில் அதற்கென்று ஏற்பாடு செய்து, ஒழுங்காக நடத்தாமல் விட்டார்கள். இங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று டோல்கேட் தூண்டில் வளைவில் வலை பின்னுகிறவர் என்னைக் கேட்டார். துறைமுக அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அடுத்த கண்ணியைப் பிடித்தார்.

எண்ணூர் ஒரு காலத்தில் சென்னைத் துரைமார்களின் விடுமுறை இடமாக இருந்தது. ஏரியில் படகு விட்டு மீன் விருந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள். ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு கால்வாய். 1800களின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் தன் காசில் வெட்டி, சுங்கம் வசூலித்து, பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் ஆகி நாறிக்கொண்டிருக்கும் அதே கால்வாய். அவர் கணக்குப் புத்தகத்தை அடுத்த இதழில் திறப்போம்.

(தொடரும்)